வால்கொழுப்பும் ஒரு தேய்ந்த புஷ்ஷும்

1

இந்தக் கதை துக்கத்தில் பிறந்தது என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். வியர்வையில்தான் பிறந்தது. ஏசி ஓடினால் நான் தூங்கிவிடுவேன். இப்போது அதைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதல் வரிக்கு முயன்றவை:

"சோரிகுல் இறந்த அன்றும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது." (பொய். என் கணவர் போனது ஜனவரியில். ஜனவரியில் எங்கள் உஸ்பெக் ஊரான தெர்மெஸில் ஏசி போடுகிறவரை வேறு மாதிரி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.)

"பாகுவிலிருந்து ரயிலில் வந்த அந்த ஜன்னல் ஏசி, எங்கள் கல்யாணத்தைவிட ஒரு வயது..." (கொட்டாவி வந்தது.)

"குளிர்ச்சி என்பது என்ன? அது..." (எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

2

சோரிகுலை ஒரு கதாபாத்திரமாக யாரும் நம்பமாட்டார்கள் என்பதுதான் என் பெரிய கவலை. மாவு ஆலையில் மேற்பார்வையாளர். ஏசிக்குள் விசிறி மோட்டாரின் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்து கிறீச்சிட ஆரம்பித்தபோது, கடைக்குப் போய் எண்ணெய் வாங்கச் சோம்பல்பட்டு, ஆட்டின் வால்கொழுப்பை உருக்கி அதில் ஊற்றிய மனிதர்.

"ஏங்க, அது புலாவுக்கு வச்சது!"

"நம்ம முழங்காலுக்கே அதைத்தானே தேய்க்கிறோம்? மெஷினுக்கு மட்டும் ஆகாதா?"

கிறீச் நின்றது. சாயங்காலம் மாடி வீட்டுக்காரி கதவைத் தட்டி, "வீட்ல என்ன விசேஷம்? எங்களைக் கூப்பிடவே இல்லையே?" என்று கேட்டாள். முற்றத்துப் பூனைகள் எல்லாம் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து மேலே பார்த்தன. அந்தக் கோடை முழுவதும் நாங்கள் வறுத்த இறைச்சி வாசனையில் தூங்கினோம்.

(இதைக் கற்பனை என்று நினைப்பவர்கள் கதையிலிருந்து இறங்கிக்கொள்ளலாம். கோபமில்லை.)

3

கொழுப்பு காய்ந்த பிறகு வேறொரு சத்தம் வந்தது: ஹோஸிர், ஹோஸிர், ஹோஸிர்.

எங்கள் ஊரில் ஹோஸிர் என்றால் "இதோ, இப்பவே" என்று பொருள். சொன்னவர் எழுந்திருக்கமாட்டார் என்பதும் அந்தப் பொருளில் அடக்கம். சோரிகுல் மொத்த மணவாழ்க்கையையும் அந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டினார். குப்பையைக் கொட்டிட்டு வாங்க. ஹோஸிர். குழாய் ஒழுகுது பாருங்க. ஹோஸிர். நெஞ்சு வலிக்குதுன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க. ஹோஸிர்.

(இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன்.)

இந்த ஜூனில், அவர் போன பிறகு முதல் தடவையாக, ஏசியைப் போட்டேன். ஹோஸிர், ஹோஸிர். நான் அழுதேன் என்று எழுதினால் கதைக்கு எடை கூடும். உண்மையில் திட்டினேன். "இன்னுமா அதே பொய்? மண்ணுக்குள்ள போயும் திருந்தலையா?" என்று வாய் வலிக்கத் திட்டினேன். பல மாதங்களுக்குப் பிறகு திட்டுவதற்கு ஆள் கிடைத்த நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான்.

4

நாத்தனார் ஹோல்பீபியை இந்தக் கதையில் சேர்க்கக் கூடாது என்றிருந்தேன். அவள் வந்தால் மற்றவர்கள் பேச முடியாது. ஆனால் சத்தம் பொறுக்காமல் மெக்கானிக் துர்திகுல் உஸ்தாவைக் கையோடு கூட்டிவந்தது அவள்தான்.

உஸ்தா பால்கனியில் வைத்து ஏசியின் மூடியைக் கழற்றி, மூக்கைச் சுருக்கினார். "அக்கா, இதுக்குள்ள யாரு சமைச்சது?"

"எங்க அண்ணன்தான்," என்றாள் ஹோல்பீபி. "இருந்தவரைக்கும் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஏசிக்குள்ள சமைச்சுட்டுப் போயிருக்காரு."

"கொழுப்புல புழுதி ஒட்டி, அரம் மாதிரி ராவியிருக்கு. புஷ் போச்சு, ஷாஃப்ட் ஆடுது. புதுசு போட்டா சத்தமே இருக்காது."

"சத்தம் இருந்துட்டுப் போகட்டுமே," என்றேன்.

"இருந்தா சீக்கிரமே இறுகிடும். மோட்டார் சுருள் கருகிடும். அப்புறம் சத்தமும் இல்ல, காத்தும் இல்ல."

"சத்தம்தான் வேணும்னா சொல்லுங்க அண்ணி," என்றாள் அவள், முலாம்பழத்தைக் கீறியபடி. "எங்க வீட்டுக்காரர் குறட்டையை மூட்டை கட்டி அனுப்புறேன். நாப்பத்தஞ்சு டிகிரியில வெந்து செத்தீங்கன்னா அண்ணனுக்கு அங்கயும் தலைவலி."

சொல்லிவிட்டு, பழத்தின் நடுத்துண்டை என் தட்டில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

5

முடிவுகள்.

அ) புது புஷ். குளிர்ந்த, ஊமையான அறை. நான் யாரைத் திட்டுவது?

ஆ) பழைய புஷ். இன்னும் சில நாள் சத்தம். பிறகு கருகல், சூடு, ஊமை. (அ-விலும் ஆ-விலும் அவர் போய்விடுகிறார். இதை எழுதும்போதுதான் கவனித்தேன். எழுதாமல் தூங்கியிருக்கலாம்.)

இ) கதவு திறக்கிறது, சோரிகுல் வருகிறார். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். உஸ்தாவிடம் அதற்கு உதிரிபாகம் இல்லை.

6

"அக்கா, கொஞ்சம் வாங்க. மோட்டாரை அசையாம பிடிக்கணும். பழசைத் தட்டி எடுக்கப் போறேன்."

ஹோல்பீபி தன் கையெல்லாம் பழச்சாறு, வழுக்கும் என்கிறாள். துடைத்துக்கொள்ளலாம். துடைக்கமாட்டாள்.

எனவே நான் பிடித்திருக்கிறேன், இரண்டு கையாலும். (இந்த வரியை எந்தக் கையால் எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள்.) உஸ்தா புஷ்ஷின் மேல் ஒரு குழாய்த் துண்டை நிறுத்தி, சுத்தியலைத் தூக்கிவிட்டார்.

"தட்டவா அக்கா?"

ஹோல்பீபி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். சுத்தியல் மேலேயே நிற்கிறது. நல்ல மனிதர், நான் சொல்லாமல் இறக்கமாட்டார். எனக்கோ வாய் வரவில்லை. இவ்வளவு தூரம் கூட வந்திருக்கிறீர்கள், என் சார்பில் நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் கையை எடுக்கமாட்டேன்.

ஆனால் சீக்கிரம். மோட்டார் கனக்கிறது.