ஏழாம் ரேக்கின் சூடு

எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்று எங்களுடையது, இன்னொன்று சர்வர்காரருடையது. ஒரு கம்பெனியின் கணக்கு, கடிதம் எல்லாவற்றையும் சுமக்கிற நாற்பது பெரிய கம்ப்யூட்டர்களுக்கு அவர்தான் பொறுப்பு. அவை ஊரின் மறுகோடியில், குளிரூட்டிய ஒரு ஹாலில், இரும்பு ரேக்குகளில் அடுக்கியிருக்கின்றன. இவரோ இங்கே, சாத்திய கதவுக்குப் பின்னால், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து திரையிலேயே எல்லாவற்றையும் மேய்ப்பார். எந்த மிஷினில் எத்தனை மெமரி, எந்த விசிறி என்ன வேகம், மூடியை யார் எப்போது திறந்தார்கள், எல்லாம் அதில் தெரியுமாம். வீட்டில் காஸ் தீர்ந்தது மட்டும் தெரியாது.

நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. சுவர் மெல்லிசு, அதற்கு நான் என்ன செய்வேன்?

அவரிடம் ஒரு பழக்கம். ஏதாவது மாற்றம் செய்யப்போகிறார் என்றால், முதலில் பதிவேட்டில் 'செய்யப்பட்டது' என்று எழுதிவிடுவார். வேலை அப்புறம். "எழுதிட்டா பாதி முடிஞ்ச மாதிரி" என்பார். மீதிப் பாதியை யாரும் விசாரித்ததில்லை.

அந்த ஹாலில் மிஷின்களைக் கழற்றி மாட்டுகிறவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. தாடி வைத்தவன், அதிகம் பேசாதவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. ஆறு மாதமாக ஸ்பீக்கர் போனில் அவனுக்கு ஒரே அர்ச்சனை. ஏழாம் ரேக், பன்னிரண்டாம் தட்டில் இருக்கிற மிஷினுக்குத் தினமும் காலை பதினொரு மணிக்குச் சூடு ஏறுகிறது, பன்னிரண்டரைக்கு இறங்கிவிடுகிறது.

"காத்து போற வழியில என்னத்த வைக்கிற மச்சான்?"

"ரேக்கு கதவைத் தொட்டுப் பாத்தேன் அத்தான். ஐஸ் மாதிரி இருக்கு."

"எனக்கு இங்கேர்ந்தே சுடுது, உனக்குப் பக்கத்துல நின்னும் சுடலையா?"

கதவைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்களா? திரையில் சிவப்பு வராமல் எந்த ரேக்கையும் திறக்கக்கூடாது என்பது அத்தான் போட்ட விதி. சூடு ஏறினாலும் திரை பச்சைதான்.

போன வாரம் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு அத்தானின் விதி தெரியாது, திறந்துவிட்டார்கள். பன்னிரண்டாம் தட்டு காலி. பதிவேட்டைப் பார்த்தால், மச்சினன் கையால் பொருத்தப்பட்டது என்று தேதியோடு இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் மிஷின் வராவிட்டால் வேலை போகும், போலீஸும் வரும் என்று அவன் கையில் கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த சண்டைக்குச் சுவரே தேவையில்லை.

"என் தம்பி திருடனா?"

"நான் சொல்லலடி, பதிவேடு சொல்லுது."

"அதை எழுதினது யாரு?"

"நான்தான். ஆனா பாரேன், மிஷின் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. திருடினவன் கரண்ட்டும் குடுத்து, நெட்டும் குடுத்து நல்லாப் பாத்துக்கறான்."

வெள்ளிக்கிழமை வந்தது. இருந்த இடத்திலிருந்தே ஒரு பொத்தானை அமுக்கினால், எந்த மிஷினின் முகப்பிலும் நீல விளக்கு விட்டுவிட்டு மின்னுமாம். அதை அமுக்கிவிட்டு, மச்சினனை ஸ்பீக்கர் போனில் பிடித்து ஹால் முழுக்க நடக்கவைத்தார்.

நான் அப்போது அவர்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் இருந்தேன். சாக்ஸ் எடுக்கத்தான். அங்கே அலமாரியில் தட்டையாக ஓர் இரும்புப் பெட்டி உறுமிக்கொண்டிருக்கும். பின்பக்கம் வெந்நீர் ஆவி மாதிரி சூடான காற்று. ஆறு மாதத்துக்கு முன் மழை பிடித்ததிலிருந்து, தினமும் பதினொன்றுக்கு இரண்டு வீட்டு சாக்ஸையும் அதன் பின்னால் அடைத்து வைத்தால் பன்னிரண்டரைக்கு மொறமொறவென்று காய்ந்துவிடும். அது சர்வர்காரர் மனைவியின் கண்டுபிடிப்பு. சாக்ஸில் பாதி என்னுடைய பங்கு.

"மின்னுதா மச்சான்?"

"இல்ல அத்தான்."

"கண்ணைத் தொறந்து பாரு. கண்ணைக் குத்துற நீலம்!"

"அத்தான், என் புள்ளைங்க மேல சத்தியமா இங்க ஒண்ணும் இல்ல."

பெட்டியின் முகப்பில் போட்டிருந்த துண்டுக்கு அடியில் நீலம் கண்ணடித்தது. உடனே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாலு மின்னல் வேடிக்கை பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். அப்புறம் குரல் கொடுத்தேன்.

"இங்க மின்னுதுங்க!"

ஹெட்போன் வயர் தரையில் இழுபட ஓடிவந்தார். பின்னாலேயே அவள்.

"இது நெட்டுப் பெட்டி இல்லையா? கம்ப்யூட்டர்னா திரை இருக்காதா அக்கா?" என்றாள் என்னிடம்.

எட்டு மாதத்துக்கு முன் இவர் காலில் மாவுக்கட்டோடு கிடந்தபோது, தயார்செய்து அனுப்பச் சொல்லிப் புது மிஷினைக் கம்பெனி வீட்டுக்கே அனுப்பியிருந்தது. 'இந்தப் பெட்டியை எங்கயாவது மாட்டி விடு' என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே ஏழாம் ரேக்கில் பொருத்தியாகிவிட்டது என்று எழுதிவிட்டார். மாவுக்கட்டைப் பிரித்தார்கள். பெட்டி மறந்துபோனது.

இப்போதும் மனுஷன் முதலில் பாய்ந்தது லேப்டாப்புக்குத்தான். 'தற்காலிக இடமாற்றம்' என்று தட்ட ஆரம்பித்தார். அவள் படாரென்று மூடினாள், விரல் தப்பியது.

"முதல்ல தூக்குங்க. அங்க கொண்டுபோய் வையுங்க. அப்புறம் எழுதலாம்."

போனில் மச்சினன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அத்தான்," என்றான் கடைசியில், "இப்ப சூடு எப்படி இருக்கு?"

சாயங்காலத்துக்குள் மிஷின் போய்ச் சேர்ந்தது. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஏழாம் ரேக்கில் ஆறு மாதமாக இருந்த வெப்பக் கோளாறு முற்றிலும் சரிசெய்யப்பட்டது என்று தணிக்கை அறிக்கை சர்வர்காரரைப் பாராட்டியதாகவும் கேள்வி. அதைச் சட்டம் போட்டு மாட்ட அவள் விடவில்லை.

பதிவேடு இப்போது மச்சினன் கையில். வேலையை முடித்துவிட்டுத்தான் எழுதுகிறான். அவன் எழுதிய முதல் வரி இது: 'மிஷின் ஒன்று வந்தது, பன்னிரண்டாம் தட்டில் வைத்தேன். பின்பக்கம் சாக்ஸ் ஒன்று இருந்தது.'

அது எங்கள் வீட்டுக்காரருடையது. பதிவேட்டில் ஏறிவிட்டதால், மேலிடத்து அனுமதி இல்லாமல் வெளியே விடமாட்டார்களாம்.