மாரியப்பன் ஒப்புக்கொள்ளக் கூடாது

என் அம்மா அம்சவள்ளி மேல் காரை ஏற்றியவன் கோகுலகிருஷ்ணன். போலீஸ் எழுதி வைத்திருப்பது மாரியப்பன் என்று. எட்டு மாதமாக இந்த இரண்டு பேரையும் பல்லுக்கு நடுவில் வைத்து மென்றுகொண்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்கால். கிளியனூர் பக்கம் ரோட்டோரமாக அம்மா திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். புதுச்சேரியிலிருந்து வந்த வெள்ளைக் கார் ரோட்டை விட்டு இறங்கி, அவளைப் புளியமரத்தோடு சேர்த்து இடித்தது. கண் இருட்டிக்கொண்டு வரும்போது, காரிலிருந்து தள்ளாடி இறங்கினவனை அம்மா பார்த்தாள். சின்ன வயசுப் பையன், பக்கத்தில் வந்து குனிந்தபோது வாயெல்லாம் பிராந்தி நாற்றம். அம்மாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இப்போது இல்லை.

அவள் கண் விழித்தது மறுநாள். அதற்குள் காரின் சொந்தக்காரரான மில் முதலாளி ஜெகதீசனின் டிரைவர் மாரியப்பன் ஸ்டேஷனுக்குப் போய், நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஊதச் சொன்னார்களாம், சுத்தமாக இருந்தாராம். இருக்காதா? குடித்தவன் முதலாளி மகன் கோகுலகிருஷ்ணன்தானே. நான் போய்க் கத்தியதற்கு, "மயக்கத்துல கெடந்த பொம்பள என்னாத்தம்மா பாத்துச்சு?" என்றார்கள்.

நான் விழுப்புரத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியர் வக்கீல். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். ஆளை மாற்றுகிற வேலை எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். டிரைவர் கூண்டில் ஏறி, "குற்றத்தை ஒப்புக்கறேங்க" என்பான். அபராதம் போடுவார்கள், கட்டிவிட்டுப் போவான். கேஸ் குளோஸ். அதன் பிறகு உண்மையைத் தோண்டி எடுக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். மாரியப்பன் ஒப்புக்கொள்ள வேண்டிய வாய்தா புதன்கிழமை.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கூட்டேரிப்பட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். இளநீர்க் கடைக்காரர் வெயிலுக்குப் பழைய ஃபிளெக்ஸ் ஒன்றைக் கூரையாகக் கட்டியிருந்தார். மயிலம் முருகன் கோவிலில் காதணி விழா. கைகூப்பி நின்ற தாய்மாமன் படத்தை அண்ணாந்து பார்த்தேன். மாரியப்பன். தேதியைப் பார்த்தேன். அதே ஞாயிறு. காலை பத்தரை முதல் பன்னிரண்டுக்குள். கீழே "அன்புடன் வாழ்த்தும்" என்று போட்டு ஜெகதீசன் தன் போட்டோவையும் மில் பேரையும் பெரிசாக அச்சடித்திருந்தார்.

லீவு கொடுத்ததும் அவர்தான், வாழ்த்தினதும் அவர்தான். டிரைவர் லீவில் போனதால்தான் மகன் தானே வண்டியை எடுத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

ஃபிளெக்ஸ் ஓரத்தில் ஸ்டூடியோ பேர் இருந்தது. திண்டிவனம் போய் போட்டோக்காரர் தென்னரசுவைப் பிடித்தேன்.

"வீடியோ இருக்குது மேடம். ஆனா மில்லுக்காரர் நமக்கு வேண்டியவரு. பேஜாரா பூடும்."

"அண்ணே, ரெண்டு வழி இருக்குது. இப்பவே காப்பி போட்டு, உங்க கேமராவுல எடுத்ததுன்னு சான்றிதழ்ல கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா சம்மன் வரும். முகூர்த்த நாளாப் பாத்து வாய்தா வாங்குவேன். கல்யாண ஆர்டரை விட்டுட்டு கோர்ட்டுல வந்து நில்லுங்க."

"படிச்ச புள்ளையா இருந்துக்கினு இப்பிடி மெரட்டறியேம்மா!"

"படிச்சதே அதுக்குத்தாண்ணே."

கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை திண்டிவனம் கோர்ட்டில், அந்த வீடியோவையும் அதிலிருந்து எடுத்த படத்தையும் வைத்து, போலீஸ் மேல்விசாரணை செய்யக் கேட்டு மனு போட்டேன். பத்து நிமிஷத்தில் ஜெகதீசன் வராந்தாவில் என் எதிரே நின்றார்.

"என்னா பாப்பா, அம்மாவுக்கு வேண்டியதைச் செய்யறேன்னுதானே சொல்லிக்கினு இருக்கறேன்? பையனுக்குப் பொண்ணு பாக்கறோம். அவன் பேரை எதுக்கு இழுக்கற?"

"பேரை இழுக்கத்தான் சார் வந்திருக்கறேன்."

"மொதல் பட்டதாரின்னு கவர்மெண்டுல ஒரு பேப்பரு குடுத்துட்டா இவ்ளோ திமிரா?"

"அந்தப் பேப்பரை வாங்க எங்கம்மா ஆர்.ஐ. ஆபீசுக்கு ஆறு தடவை நடந்தாங்க சார். ரெண்டு காலாலயும்."

அவர் திரும்பி மாரியப்பனின் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். "அது வேற நாளு எடுத்ததுன்னு சொல்லுடா. அவ்ளோதான்." எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாரோ என்னவோ. மாரியப்பன் தலையாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்த ஆள் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. தெரிந்தேதானே எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

கேஸைக் கூப்பிட்டார்கள். மாரியப்பன் கூண்டில் ஏறினார். அண்ணனை உள்ளே போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் தங்கை சூர்யகலா, பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சு ஓரம் நின்றிருந்தாள்.

மாஜிஸ்திரேட் அம்மா என் மனுவைப் படித்தார். மாரியப்பனிடம் படத்தைக் காட்டச் சொன்னார்.

"மடியில குழந்தையை வச்சிருக்கறது யாரு?"

"நான்தாங்க."

"விபத்து நடந்த அன்னிக்கு, அதே நேரத்துல எடுத்ததுன்னு சொல்றாங்களே?"

மாரியப்பன் ஜெகதீசனைப் பார்த்தார். "அது... வேற ஒரு நாளு எடுத்ததுங்கம்மா."

"என்னாது, வேற நாளா?" பின்னாலிருந்து சூர்யகலா கத்தினாள். "யண்ணா, எம்புள்ளைக்கு எத்தினி தடவ காது குத்துவாங்க? நீ மடியில வச்சிக்கினு குத்தலன்னா, வேற எவன் மடியில வச்சிக் குத்தனோம்? மாமியா ஊட்டுல என்னைக் காறித் துப்புவாங்க!"

"யாரும்மா அது? சத்தம் போடக் கூடாது," என்றார் மாஜிஸ்திரேட். ஆனால் அவர் கண் மாரியப்பன் மேலேயே இருந்தது. "சொல்லுங்க. குழந்தைக்கு எத்தனை தடவை காது குத்தினீங்க?"

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். மாரியப்பன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு தடவைதாங்க. அன்னிக்குத்தாங்க. நான் வண்டி ஓட்டலீங்க. மத்தியானம் மயிலத்துக்கு ஆள் அனுப்பிக் கூட்டிக்கினு வந்தாங்க. தம்பிதாங்க ஓட்டுச்சு."

"எந்தத் தம்பி?"

"கோகுலகிருஷ்ணன்."

அந்தப் பேரை டைப்பிஸ்ட் அடிக்கிற சத்தத்தை நான் எழுத்து எழுத்தாகக் கேட்டேன். மேல்விசாரணைக்கு உத்தரவு போட்டார்கள். நான் திரும்பி ஜெகதீசன் முகத்தை நின்று நிதானமாகப் பார்த்தேன். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

வெளியே மாரியப்பன் பின்னாலேயே வந்தார். "மேடம், என் வேலை பூட்ச்சு. என் மேல எதுவும் கேஸு போட்றாதீங்க."

"உண்மையைச் சொன்னதால நானா எதுவும் போட மாட்டேன். கோர்ட்டு போட்டா தடுக்கவும் மாட்டேன். மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனைச்சுக்காதீங்க."

அம்மாவுக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அவன் அந்தக் கூண்டுல என்னிக்கு ஏறுவான்?"

"இனிமேதாம்மா விசாரணை. மாசக்கணக்கா ஆவும்."

"ஆவட்டும். நாள் தெரிஞ்சா மொதநாளே சொல்லு. சீக்கிரமே கெளம்பி வந்து மொத பெஞ்சுல குந்திக்கணும். ஏறும்போது அவன் என்னைப் பாக்கணும்."