தோல்முட்டை வியாழன்

வேலங்குறிச்சிக்குக் கிழமைகள் போடுவது முத்துராக்குவின் கோழிகள்தான். ஏழு கோழி, ஏழு கிழமை. விடியற்காலையில் ஒரு கோழி கூண்டிலிருந்து இறங்கி, வேப்பமரத்தடிச் சாக்கில் உட்கார்ந்து, முட்டை போட்டுவிட்டுக் கொக்கரிக்கும். எந்தக் கோழியின் குரல் என்று கேட்டுக்கொண்டு ஊர் எழுந்திருக்கும். பக்கத்து ஊரான கீழப்புலியூருக்கு வாத்து. வாத்துமுட்டை பெரியது என்பதால் அங்கே மத்தியானம் லேசில் முடியாது. அந்த ஊருக்குப் பெண் கொடுக்கிறவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார்கள்.

கிழமை வளர்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காலையில் கம்பும் தவிடும் போட வேண்டும், தண்ணீர்ச் சட்டியைக் கழுவி வைக்க வேண்டும், சாயங்காலம் கூண்டை அடைக்க வேண்டும். மற்றபடி கோழிக்கு வருவதெல்லாம் கிழமைக்கும் வரும். சனிக்கோழி அடைக்கு உட்கார்ந்த வருஷம் மூன்று வாரம் சனிக்கிழமையே வரவில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். இன்னொரு வருஷம், சந்தையில் வாங்கிய கோழி ஒன்றை முத்துராக்கு நேராகக் கூட்டத்தோடு விட்டுவிட்டாள். அதன் சளி எல்லாவற்றுக்கும் ஒட்டி, ஒரு மாதம் முழுக்க ஊரில் நாட்கள் தும்மிக்கொண்டே நகர்ந்தன. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே விதி: புதுக் கோழி எதுவானாலும் பதினாலு நாள் பஞ்சாரக் கூடைக்குள் தனியாக. கலெக்டரே கையில் கொண்டுவந்து கொடுத்தாலும் பதினாலு நாள்தான்.

இப்போது வியாழன் வரவில்லை.

வியாழன் போடுகிற செவலை வாலைத் தாழ்த்தி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, சாக்கில் உட்கார்ந்து முக்கும். ஒன்றும் வராது. பால்காரர் வரும் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளி போடுகிற கொண்டைச்சி அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடும். புதனுக்கு மறுநாள் வெள்ளி. இப்படி நான்கு வாரம் போய்விட்டது. முத்துராக்கு செவலையின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தாள். முட்டை உள்ளேதான் இருந்தது. அடைத்துக்கொண்டிருந்தது.

சந்தை வியாழக்கிழமை என்பதால் ஊரில் காய்கறி இல்லை. அதைப் பற்றி முத்துராக்கு பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. அவளுடைய கவலை உள் அறையில் கட்டிலில் இருந்தது. மகள் இளவரசி முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். நர்சம்மா ஜெபமணி பிரசவ நாளைக் கார்டில் வியாழக்கிழமை என்று எழுதிக் கொடுத்திருந்தார். வியாழன் வராமல் பிள்ளை எப்படி வரும்? பத்தாம் மாதம் முடிந்து பதினொன்றும் முடியப்போகிறது. இளவரசியால் குனிய முடியவில்லை, படுக்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கினாள். ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் மருமகன் தினமும் போன் போட்டு, "அத்தே, வியாழன் வந்துருச்சா?" என்று கேட்பார்.

கீழப்புலியூர் ஆஸ்பத்திரியில் வியாழன் இருந்தது. ஆனால் அது அவர்களுடைய வியாழன். அதில் பிறந்தால் பிள்ளை அங்கேயே இருக்க வேண்டும்.

"வேற கிழமை எழுதிக் குடுங்க நர்சம்மா," என்றாள் முத்துராக்கு.

"வராத கிழமைய அடிக்க முடியாதுக்கா. அது வந்துட்டுப் போனாத்தான் அடிச்சு எழுதலாம்," என்றார் ஜெபமணி. இளவரசியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். முகம் மாறிவிட்டது. "உள்ள இருக்குறது வளந்துக்கிட்டே போகுது. இன்னொரு வியாழன் பொறுக்கும். அதுவும் தப்புச்சுன்னா ரெண்டு பேருக்குமே ஆகாது."

அன்று சாயங்காலம் வார்டு கவுன்சிலர் துரைராசு ஒரு பையோடு வந்தார். பைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கோழி தலையை நீட்டியது.

"அக்கா, புதுக் கோழி. நல்ல ஜாதி. இதை வியாழனுக்கு வச்சுக்கங்க. அந்தச் செவலையக் கொழம்பு வச்சுருங்க, ஊருக்கும் நிம்மதி."

"கொழம்பு வைக்க வியாழனத்தான் அறுக்கணும் தம்பி. அது வயித்துக்குள்ளதான் இருக்கு. அறுத்தா அதோட போயிரும்."

"அப்ப என்னதான் செய்யப் போறீங்க?"

"வர வைக்கப் போறேன்," என்றாள் முத்துராக்கு. "நான் கோழியையும் விடமாட்டேன், என் பிள்ளையையும் விடமாட்டேன். அந்தப் பைய அங்கிட்டு வச்சுட்டுப் போங்க."

புதுக் கோழிக்குக் கண்ணில் நீர் வடிந்தது, ஒரு கண் வீங்கியிருந்தது, காலெல்லாம் செள்ளுப்பூச்சி. நல்ல ஜாதியாம். காலுக்கு வேப்பெண்ணெய் தடவி, கண்ணை வெந்நீரில் துடைத்து, கொல்லையின் மறுகோடியில் பஞ்சாரத்தில் கவிழ்த்தாள். மூன்றாம் நாள் அது உள்ளேயே ஒரு முட்டை போட்டது. அதன்பிறகு பஞ்சாரத்துக்குள் மட்டும் வேறு ஏதோ ஒரு கிழமையாக இருந்தது. வெளியே திங்கட்கிழமை வெயில் மண்டையைப் பிளக்கும்போது, தீனி போடக் கையை உள்ளே விட்டால் தூறல் விழும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

வேலைக்குக் குறைவில்லை. அகலமான சட்டியில் பொறுக்கும் சூட்டில் உப்புத் தண்ணீர் விட்டு, செவலையை அதில் அரை மணி நேரம் உட்கார வைப்பாள். அது முதல் நாள் கொத்தியது, மறுநாள் முறைத்தது, அதற்குப் பிறகு சட்டியைக் கண்டதும் தானாகவே ஏறி உட்கார்ந்தது. பிறகு விளக்கெண்ணெய், இருட்டான பெட்டிக்குள் ஓய்வு. முட்டை இறங்காததற்குக் காரணம் ஓட்டில் சுண்ணாம்பு பற்றாததுதான் என்று தடவிப் பார்த்ததில் தெரிந்தது. மாதுளைச் செடிக்கு அடியில் பழைய நாட்களின் ஓடுகள் குவிந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கி வறுத்து அம்மியில் அரைத்தாள். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஓடு சேர்ந்தால் கோழிக்குச் சோம்பல் வந்துவிடும். செவ்வாயின் ஓடுதான் கெட்டி. செவ்வாய்களாகத் தேடித் தேடி எடுத்ததில் விரல் நுனியெல்லாம் கீறிவிட்டது. நான்கு வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகளைச் செவலை தவிட்டோடு தின்று தீர்த்தது.

ஒரு பக்கம் கோழி, இன்னொரு பக்கம் மகள். அவளுக்குக் கால் பிடித்துவிட வேண்டும், இதற்கு வயிறு தடவ வேண்டும். சில நேரம் ஆளை மாற்றிச் செய்துவிட்டு முத்துராக்கு தனக்குள் சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்புக்குள் இருந்த பயம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

புதன் கழிந்த விடியலில் செவலை சாக்கில் உட்கார்ந்தது. முத்துராக்கு கையைக் கீழே ஏந்தியபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பால்காரர் வந்து, பாலை ஊற்றாமல் வாசலிலேயே நின்றார். கொண்டைச்சி தள்ள வந்தபோது அதைப் புறங்கையால் ஒதுக்கினாள். செவலை ஒரு முக்கு முக்கியது. வியாழன் அவள் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக விழுந்தது.

ஓடு இல்லை. தோல்முட்டை. அத்தனை செவ்வாயும் முட்டையை இறக்கத்தான் போதுமாயிருந்தது, ஓடு கட்டப் போதவில்லை. மெல்லிய தோலுக்குள் நாள் தளும்பிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டால் தோல் கிழிந்துவிடும். வியாழன் அதோடு சரி.

பால்காரர் ஊருக்குள் போய்ச் சொன்னார், காதோடு காதாக. ஊர் செருப்பைக் கழற்றியது. சந்தைக்காரர்கள் தக்காளியைச் சைகையில் விற்றார்கள். பேருந்தின் இஞ்சினை அணைத்து, பயணிகளே இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். கவுன்சிலர் துரைராசு கட்சி ஆபீஸ் ஒலிபெருக்கிக்குத் தலையணை உறை மாட்டிவிட்டார். அவர் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று.

இளவரசிக்கு வலி எடுத்துவிட்டது. நர்சம்மா ஜெபமணி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். முத்துராக்குவின் இடது கையில் முட்டை, வலது கையில் மகளின் கை. இளவரசி துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் இல்லை. காலை போய், உச்சி வந்து, உச்சியும் சாய்ந்தது. தோலில் ஓரிடத்தில் கசிவு கண்டது. மத்தியானம் லேசாக வடிந்து சாயங்காலத்தோடு கலந்தது. பிள்ளை வரவில்லை.

"சத்தம் போட்டு முக்கணும்," என்று ஜெபமணி முணுமுணுத்தார். "மூச்ச இப்பிடி அடக்குனா பிள்ள எறங்காது."

முத்துராக்கு மகளைப் பார்த்தாள். துண்டில் ரத்தம் இருந்தது, உதட்டைக் கடித்துவிட்டிருந்தாள். கையிலிருந்த முட்டையைப் பார்த்தாள். இதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா? தவிட்டுக் கிண்ணத்தில் அதை மெதுவாக வைத்துவிட்டு, மகளின் வாயிலிருந்து துண்டை உருவினாள்.

"கத்து ஆத்தா."

"வியாழன்..."

"அத நான் பாத்துக்கிறேன். நீ கத்து."

இளவரசி கத்தினாள். நான்கு வாரமாக அடக்கி வைத்த கத்தல் அது. தோல் கிழிந்தது. வியாழன் தவிட்டில் மஞ்சளாகப் பரவி, கிண்ணத்தின் விளிம்பு தாண்டி, தரையில் ஓடி, கொல்லைச் சாக்கடையோடு போய்விட்டது.

ஊரில் கிழமை இல்லை. வெள்ளிமுட்டை விடியாமல் விழாது, கொண்டைச்சியை அவசரப்படுத்த யாராலும் முடியாது. கடிகார முள் தொங்கியது. குழாயில் பாதி விழுந்த தண்ணீர் அந்தரத்தில் நின்றது. இளவரசியின் வலியும் பாதியில் நின்றுவிட்டது. அது வலியைவிட மோசமாக இருந்தது.

"தலை தெரியுதுக்கா," என்றார் ஜெபமணி. "ஆனா நாளே இல்லாம எதுல எறக்குறது?"

முத்துராக்கு எழுந்து கொல்லைக்குப் போனாள். புதுக் கோழி வந்து அன்றோடு ஏழு நாள். இன்னும் ஏழு நாள் பாக்கி. காலில் செள் போயிருந்தது, ஒரு கண் மட்டும் இன்னும் வீங்கியிருந்தது. கலெக்டருக்கே வளைக்காத விதி அது. அவள் பஞ்சாரத்தை இரண்டு கையாலும் தூக்கி எறிந்தாள்.

உள்ளே இருந்த கிழமை வெளியே வந்து ஊர் முழுக்கப் பரவியது. தூறலோடு வந்தது. கோழிக்கு ஒரு கண் சரியில்லாததால் ஊரின் கிழக்குப் பக்கம் பளிச்சென்றும், மேற்குப் பக்கம் மங்கலாகவும் இருந்தது. முத்துராக்கு வீடு கிழக்குப் பக்கம். அவள் வாசற்படியைத் தாண்டுவதற்குள் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

பெண் குழந்தை. தோள் வரைக்கும் முடி இருந்தது. ஜெபமணி பேனாவை எடுத்து, கார்டில் வியாழக்கிழமையை அடித்துவிட்டு, வேறொன்றை எழுதினார். யாரையும் கேட்காமல்தான் எழுதினார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் முத்துராக்கு புதுக் கோழியின் கண்ணை இன்னொரு தடவை துடைத்து, கூண்டுக்குள் குறுக்குக்கழியில், செவலைக்கும் கொண்டைச்சிக்கும் நடுவில் உட்கார வைத்தாள். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. விடிந்ததும் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, இது எப்போதும் இருந்ததுதான் என்று நினைத்துக்கொள்ளும். பகலில் விட்டால் கொத்திக் கொன்றுவிடும். கோழி வளர்க்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான் இது.

கொண்டைச்சி விடிந்ததும் வெள்ளியைப் போட்டது. சனி வந்தது, ஞாயிறு வந்தது. ஒவ்வொரு காலையிலும் முத்துராக்கு எட்டுக் கோழியின் மூக்கையும் பார்த்தாள். ஒன்றும் தும்மவில்லை. அடுத்த வாரம் செவலை வியாழனைக் கெட்டி ஓட்டோடு போட்டது. அதற்கு மறுநாள் சாம்பல் கோழி சாக்கில் உட்கார்ந்து கொக்கரித்தது. ஊர் அந்தக் குரலைக் கேட்டு எழுந்து, அந்தக் கிழமைக்கு உரிய வேலையைப் பார்க்கத் தொடங்கியது. கவுன்சிலர் துரைராசு வாழைத்தாரோடு பிள்ளை பார்க்க வந்தார்.

"இன்னைக்கு ஆபீஸ் இல்லையா தம்பி?" என்று கேட்டாள் முத்துராக்கு.

"இந்தக் கெழமையில என்னைக்குக்கா ஆபீஸ் இருந்துச்சு?" என்றார் அவர்.

சுவரில் தினசரிக் காலண்டரில் அந்தக் கிழமைக்குத் தாள் இருந்தது, ராகுகாலம் உட்பட. இளவரசி, "சின்ன வயசுல இன்னைக்குத்தான் எனக்கு எண்ணெ தேச்சு விடுவ," என்றாள். முத்துராக்குவுக்கும் அது நினைவிருந்தது.

பேத்தியைக் குளிப்பாட்டக் காலில் போட்டாள். பிறந்ததிலிருந்து அது வலது கையை விரிக்கவே இல்லை. வெந்நீர் பட்டதும் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உள்ளே புளியங்கொட்டை அளவில் நான்கு முட்டை. முத்துராக்கு ஒன்றை எடுத்து நகத்தால் தட்டினாள். நல்ல ஓடு. வராமல் போன வியாழன்கள் நான்கும் அதன் கையில்தான் இருந்தன.

"விடாமப் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கா," என்றாள் இளவரசி.

இத்தனை நாளில் முத்துராக்கு அப்போதுதான் அழுதாள். பேத்தியின் உள்ளங்கையை முத்தமிட்டு, துவட்டி, பவுடர் போட்டு மகளிடம் கொடுத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான்கு முட்டையையும் முந்தானையில் ஏந்திக் கொல்லைக்குப் போனாள்.

செவலை அன்று காலைதான் அடைக்கு உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் நான்கையும் ஒவ்வொன்றாக வைத்தாள். அது இறகை விரித்து மூடிக்கொண்டது. பொரிக்க இருபத்தொரு நாள் ஆகும். செவலை எழுந்திருக்கும் வரை வியாழன் வராது, எட்டில் மிச்சம் ஏழு கிழமை, சரியாக மூன்று வாரம். அடுப்புக்கரியால் சுவரில் முதல் கோட்டைப் போட்டாள். பஞ்சாரத்தைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தாள். வியாழன் குஞ்சுகளாக இருந்தாலும் பதினாலு நாள் தனியாகத்தான் இருக்க வேண்டும்.