மணந்து பார்க்காத மூட்டை

ஸெய்னுதீனுக்கு நான் கொடுக்கவேண்டியிருந்தது முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபா. என் முதுகெலும்பைப் படம் பிடிக்கவும் ஊசி மருந்துக்கும் ஆன காசு. துறைமுக வீதியில் இருக்கும் தன் கருவாட்டுக் கடையின் மேசை லாச்சியிலிருந்து எண்ணித் தந்தான். பிறகு கடன் கொப்பியை என் பக்கம் திருப்பி, நீயே எழுது என்றான். நாற்பத்தாறு வயதில், ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் குந்தியிருந்து எழுத்துப் படித்தவன் நான். மண்டபத்துக்கு வெளியே என் கை எழுதிய முதல் வரி அந்தக் கடன்தான். என் பெயரும் தொகையும்: பேணாட், 38,750.

அவன் கடை போடுவதற்கு முன் பதினெட்டு வருடம் இருவரும் இறங்குதுறையில் மூட்டை தூக்கினோம். உள்ளே என்ன என்று தூக்குகிறவன் கேட்பதில்லை. எத்தனை மூட்டை என்பதுதான் அவன் கணக்கு. ஆனால் தோளில் ஏற்றுமுன் மூக்கை வைத்து மணந்து பார்ப்போம். யூரியா என்றால் வியர்த்த கழுத்தைத் தின்றுவிடும், சாக்கை மடித்துப் போட்டுக்கொள்ளவேண்டும். ஸெய்னுதீன் மணந்து சொன்னால் பிழைக்காது.

முதுகு போனபின் துறையில் என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. தனஞ்சயன் என்று ஒருவன் இருந்து செய்யும் வேலைக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வயது முப்பது இருக்கும். டவுனில் ஓர் இரும்புக் கடைக்கு மேல்மாடியில் அவனுடைய அறை. யன்னல் பூட்டியே கிடக்கும். இரும்புத் தட்டுகளில் நாற்பது போன்களை நிமிர்த்தி வைத்திருந்தான். சூடேறிய பிளாஸ்டிக்கும் பழைய பற்றீஸும் கலந்து ஒரு நாற்றம்.

வாசிக்கத் தெரியுமா என்று கேட்டான். கேட்ட விதத்திலேயே எந்தப் பதில் அவனுக்கு வேண்டும் என்று விளங்கிவிட்டது. தெரியாது என்றேன். அதுதான் நல்லது என்றான். வாசிக்கிறவன் நின்று நின்று வாசிப்பானாம், வேலை பிந்துமாம்.

வேலை இதுதான். சனம் கூடி வாதாடுகிற இணையத் தளம் ஒன்று. யாரோ ஒன்றை எழுதுவார்கள். பிடித்தால் மேல் அம்பு, பிடிக்காவிட்டால் கீழ் அம்பு. மேல் அம்பு கூடியது உச்சிக்கு ஏறி எல்லார் கண்ணிலும் படும். கீழ் அம்பு கூடியதைத் தளமே மூடிவிடும். எதற்கு எந்த அம்பு என்று தனஞ்சயன் சுவரில் இருந்த திரையில் படம் காட்டுவான். நான் தட்டுத் தட்டாகப் போய் நாற்பதிலும் அழுத்தவேண்டும். நாற்பது போனிலும் நாற்பது பெயர். மண்ணின் மகன், வீரத்தாய், கோட்டைக் காவலன். நாற்பது பேரும் நான்தான்.

காலையில் தமிழ்த் தளம், பின்னேரம் சிங்களத் தளம். சிங்களம் எனக்கு வாசிக்க ஏலாது. ஆனால் படத்தில் வாளும் சிங்கமும் தெரியும்தானே. இதென்ன என்று ஒருநாள் கேட்டேன்.

"காலமை எங்கட வீரர், பின்னேரம் அவங்கட வீரர். அம்பு ஒண்டுதானே அண்ணை," என்றான். சிரித்தபடியே பற்றீஸைக் கடித்தான். துகள் போன்மேல் விழுந்தது.

ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து ரூபா. வீட்டுக்கு வந்து சன்லைட் போட்டுக் கை கழுவுவேன். பிறகு சாப்பாட்டில் கை வைத்தால் விரலில் அந்தப் பிளாஸ்டிக் மணம் இருக்கும். றோஸ், என் மனைவி, தனக்கு ஒன்றும் மணக்கவில்லை என்பாள்.

பத்தாவது கிழமை திரையில் ஒரு கருவாட்டுக் குவியலின் படம் வந்தது. மேல் அம்பு. மூன்று நாள் அதுவே பெரிய வேலை. கீழே எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை. முதல் வரியில் நம் இனம் என்றும் நஞ்சு என்றும் இரண்டு சொல் தெரிந்தது. அப்படித்தான் எல்லாவற்றிலும் எழுதியிருக்கும் என்று அழுத்தினேன்.

மூன்றாம் நாள் அதற்கு ஒரு பதில் வந்தது. அதற்குக் கீழ் அம்பு. நான் வாசிக்கிற வேகத்துக்கு ஒரு போனில் ஒரு சொல்தான் பிடிபடும். முதல் போனில் துறைமுக. இரண்டாவதில் வீதியில். மூன்றாவதில் கருவாடு. அழுத்திக்கொண்டே போனேன். விற்பவர். என். வாப்பா. அந்த மீனைத்தான் நாங்கள் வீட்டிலும் சாப்பிடுகிறோம், வந்து பாருங்கள் என்று முடிந்தபோது பதின்மூன்று போன் போய்விட்டது. பதினான்காவதில் எழுதியவரின் பெயர் இருந்தது. றுமானா ஸெய்னுதீன். அதை வாசிக்கும்போதே விரல் அழுத்திவிட்டது.

பதினைந்தாவது போனில் அந்தப் பதில் இல்லை. தளம் மூடிவிட்டது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் சொந்தப் பெயரில் எழுதினவள் ஸெய்னுதீனின் மகள், அந்தப் பிள்ளை ஒருத்திதான்.

முதல் போனுக்குத் திரும்பிப் போய், குவியல் படத்தின் அடியில் இருந்ததைச் சொல் சொல்லாக வாசித்தேன். துறைமுக வீதிக் கருவாட்டில், நம் பெண்களுக்குப் பிள்ளை தங்காமல் இருக்க மருந்து கலக்கிறார்களாம்.

இது எனக்குத் தெரிந்த மனிசன், பொய், எடுத்துவிடு என்று தனஞ்சயனிடம் சொன்னேன். அவ்வளவும் சொல்லியும் அவன் பிடித்துக்கொண்டது வேறொன்றை.

"அண்ணை, உங்களுக்கு வாசிக்கத் தெரியுமோ? தெரியாதெண்டெல்லே சொன்னனீங்கள்."

யார் இதை எழுதச் சொன்னது என்று கேட்டேன். காசு தருகிறவனுடைய ஊர் பெயர் கேட்பதில்லை என்றான். இனி வரவேண்டாம் என்று மிச்சக் கூலியைத் தந்தான். அதோடு என் சேமிப்பு முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. படியில் நின்று அதை எண்ணினேன்.

வீட்டில் வைத்திருந்ததையும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை கடைக்குப் போனேன். வீதி முனையிலேயே மண்ணெண்ணெய் மணந்தது. யாரோ விடியற்காலையில் வந்து சூடைக் கருவாட்டுக்கும் நெத்தலிக்கும் மேல் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். ஸெய்னுதீன் கருவாட்டைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான், புதைக்கிறதுக்கு. றுமானா உள்ளே சீமெந்து நிலத்தைத் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வா மச்சான். இண்டைக்கு நல்ல மலிவு," என்றான்.

மேசையில் காசை வைத்தேன். என்ன வேலை செய்து உழைத்தது என்று முழுவதையும் சொன்னேன். அவன் சாக்கை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே தும்புத்தடிச் சத்தம் நின்றுவிட்டது.

"புள்ள எழுதினதையும் நீதானா அமத்தின?"

"ஓம்."

"நாம மணந்து பாத்துத்தானே தோள்ல வெச்சம். இது உனக்கு மணக்கல்லியா?"

தெரியாமல் செய்தேன் என்று சொல்லத்தான் வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த மண்ணெண்ணெய்க்குள் நின்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"மணந்தது. முதல் நாளே மணந்தது," என்றேன்.

அவன் கையைச் சாரத்தில் துடைத்தான். காசை ஒரு மட்டையால் என் பக்கம் தள்ளினான், தொடவில்லை. இதைத் தன் லாச்சியில் போட ஏலாது என்றான். கூலி வேலை செய்து வேறு காசு கொண்டுவருகிறேன், ஆறு மாதம் தா என்று கேட்டேன். அவன் கொப்பியை எடுத்துப் பக்கத்தை விரித்துப் பேனாவை மேலே வைத்தான்.

"நீ எழுதினது. நீயே வெட்டு."

எண்ணுக்கு மேல் கோடு போட்டேன். அவன் குனிந்து பார்த்தான்.

"பேரையும்," என்றான்.

பெயரையும் வெட்டினேன். கொப்பியை மூடி லாச்சிக்குள் வைத்துவிட்டு, மறுபடி குனிந்து சாக்கில் அள்ளத் தொடங்கினான்.