எருவுக்குப் போர்த்திய பனி

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் வாசலில் குவிந்திருக்கும் எருவைப் பார்ப்பார்கள். குவியல் பெரிதென்றால் மாடு அதிகம், மாடு அதிகமென்றால் வசதி. பக்கத்து வீட்டு ஆந்தீமின் குவியல் கூரையைத் தொட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மகள் ஒனரீனுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளையின் அப்பா வரவிருந்தார். பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இது கூடாவிட்டால் கன்னிமடத்தில் சேர்ந்துவிடுவேன் என்று வீட்டையே மிரட்டி வைத்திருந்தாள்.

என் சாராயக்கடை மாடியில் லூவெல் என்ற பாரிஸ் ஓவியர் தங்கியிருந்தார். பனியை வரைய வந்தவர். பனி வெள்ளை இல்லை, நீலம் என்பார். நான் மறுத்துப் பேசுவதில்லை. கடை நடத்துகிறவனுக்கு இதெல்லாம் புதிதா என்ன?

அன்று காலை ஊரே வெள்ளையாகக் கிடந்தது. ஆந்தீமின் எரு மட்டும் தன் சூட்டில் பனியை உருக்கிவிட்டு, கன்னங்கரேலென்று ஆவி விட்டுக்கொண்டு நின்றது. எதிரே படம் வரைய உட்கார்ந்த லூவெலுக்கு அது பொறுக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துப் பனியை அள்ளிப் போட்டுக் குவியலை மூடிவிட்டார்.

ஆந்தீம் கதவைத் திறந்தான். "யோவ், என் எரு எங்கய்யா?"

"உள்ளதான் இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்குங்கண்ணே. நிழல் என்னமா நீலமா விழுது பாருங்க."

"நிழல் எங்க வேணா விழட்டும். சம்பந்தி வர்ற நேரத்துல எருவை மறைச்சா எம்பொண்ணு கன்னிமடத்துக்குத்தான் போவா."

ஆந்தீம் பனியைத் தள்ளினான். லூவெல் மறுபடி போட்டார். இவன் தள்ள, அவர் போட, இருவரும் உச்சிக்கே ஏறிவிட்டார்கள். லூவெலின் வெல்வெட் கோட்டு இடுப்புவரை எருவாகிவிட்டது. நான் விலக்கிவிடப் போகவில்லை, இந்த மாதிரி வேடிக்கை எங்கள் ஊரில் எப்போது கிடைக்கும்? ஆனால் ஒனரீன் ஜன்னலோரம் அழுதுகொண்டு நின்றதைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா தெயொதூல் வண்டியிலிருந்து இறங்கினார். குவியலை அண்ணாந்து பார்த்தார். வெல்வெட் கோட்டைப் பார்த்தார். என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"மேல நிக்கிறது யாருங்க?"

"பாரிஸ்காரர்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "எரு அள்ளறதுக்குப் பாரிஸ்லேருந்து ஆளா?"

நான் அவர் வண்டிக் குதிரையைத் தட்டிக்கொடுத்தேன்.

"சம்பந்தி, கீழ இறங்கி வாங்க," என்றார் தெயொதூல். "ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணத்தை வச்சுக்கலாம்."

ஒனரீன் ஜன்னல் வழியாகவே குதித்து ஓடி வந்தாள். ஆந்தீம் உச்சியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சீதனமா மாடு கன்னு எதுவும் வேணாம்," என்றார் தெயொதூல். "பொண்ணு கூட அந்த ஆளையும் அனுப்பி வச்சுடுங்க."