பெயர் கேளாத பொட்டலம்

இந்தோனேசியாவின் தஞ்சோங் பினாங் படகுத்துறையில் அன்று மருந்து விழிப்புணர்வு விழா. துறையின் பாதுகாப்புத் தலைவர் பர்ஹானுதீன், சட்டையின் இஸ்திரி மடிப்பு கலையாமல் மேடையில் நின்று நோயாளியின் உரிமைகளைப் பொழிந்துகொண்டிருந்தார். மருந்தின் பெயரைக் கேட்பது உரிமை. மருந்துச்சீட்டின் நகலை வாங்குவது உரிமை. கைதட்டியவர்களுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள்.

கீழே, லிங்கா தீவுப் படகுக்கான வரிசையில், வலிப்பு நோயுள்ள மகள் செக்காரை இடுப்பில் வைத்தபடி மர்லினா நின்றாள். சற்று முன்தான் மருந்து வாங்கியிருந்தாள். பிள்ளைகளுக்கு எப்போதும் செய்வதுபோல, கடையில் மாத்திரையை அரைத்து, வேளைக்கு ஒரு பொட்டலமாகத் தாளில் மடித்துக் கொடுத்திருந்தார்கள். சீட்டின் நகல் கேட்டதற்குக் கடைக்காரம்மா, "ஏன், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றாள். படித்த அந்த அம்மாவின் மனம் நோகக்கூடாதே என்று மர்லினா சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

வரிசையைச் சோதித்துவந்த காவலர் அவள் பையைத் திறந்தார். போதைப்பொருள் போல, பொட்டலம் பொட்டலமாக வெள்ளைப் பொடி. பர்ஹானுதீன் மேடையை விட்டு இறங்கினார். விழாவைப் படம்பிடித்த கேமராவும் கூடவே இறங்கியது.

"என்னம்மா, மூஞ்சிக்குப் பூசுற பவுடரா?"

"பிள்ளையோட வலிப்பு மருந்துங்க ஐயா. பழசு நேத்தே தீர்ந்துபோச்சு. படகுல சோறூட்டிட்டுக் குடுக்கலாம்னு இருந்தேன்."

"மருந்து பேரு?"

அவளுக்குத் தெரியவில்லை.

"பேரு தெரியாததையா பெத்த பிள்ளை வாயில போடுவே?"

கூட்டம் சிரித்தது. கடைக்கு போன் போட்டுக் கேட்கச் சொல்லிக் கெஞ்சினாள். விழா முடியட்டும் என்றார் அவர். பொட்டலங்களை மேசையில் அடுக்கி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

நன்றியுரையின்போது செக்காரின் கண்கள் மேலே செருகின. விரிப்பு எதுவும் கிடைக்காததால், உரிமைகள் அச்சிட்ட பதாகையையே அவிழ்த்துத் தரையில் விரித்துப் படுக்க வைத்தார்கள். வலிப்பு நிற்கவில்லை. அப்போதுதான் கடைக்கு போன் போட்டார்கள். கடைக்காரம்மா ஒரே மூச்சில் மருந்தின் பெயரைச் சொன்னாள்.

செக்கார் பிழைத்தாள். பேச்சு மட்டும் திரும்பவில்லை.

மறு வருட விழாவில் மர்லினாவுக்கு பாத்திக் துணி போர்த்தி, 'பாடம் கற்ற தாய்' என்று அறிமுகப்படுத்தி, மைக்கை நீட்டினார் பர்ஹானுதீன்.

"மருந்து பேரையும் சீட்டு நகலையும் கேட்டு வாங்குங்க. குடுக்கலைன்னா கடைய விட்டு நகராதீங்க. மரியாதைன்னு நான் வாயை மூடிக்கிட்டேன், இன்னைக்கு என் மகளுக்குப் பேச்சே இல்ல," என்றவள் அவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு மருந்து பேரு தெரியல, தப்புதான். எல்லாம் தெரிஞ்ச உங்களுக்கு ஒரு போன் போடத் தெரியலையே ஐயா."

கைதட்டினால் பிஸ்கட் என்பதால் கூட்டம் கைதட்டியது.