இன்னும் ஓர் அகப்பை

கூடையைத் தூக்கியதுதான் தாமதம், கோழி தெரேசாவின் கையில் ஒரு கொத்து கொத்திவிட்டு லயத்து வரிசை வீடுகளின் கோடிப்பக்கம் பாய்ந்தது. சத்தம் போட முடியாது. ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அண்ணனும் மதினியும் படுத்திருக்கிறார்கள். ஈரப்புல்லில் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஏசிக்கொண்டு, தண்ணீர் விழும் பீலிக்கரை வரை துரத்திப் போய் அதன் ஒரு காலைப் பிடித்துவிட்டாள். அங்கே கரித்தூளால் பல் விளக்கிக்கொண்டிருந்த புருஷன் அந்தோனிமுத்து துப்பிவிட்டுப் பார்த்தான்.

"முட்டை போடுற கோழி புள்ள. நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சாச்சு. கழுத்தைத் திருகுங்க."

"பூசைக்குப் போற நாளு..."

"பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்குங்க. பிடிங்க."

அவள் யோசித்து மூன்று வாரம் ஆகிறது. தேயிலைத் தோட்டத்தில் கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. கூப்பன் அரிசி வந்தால் வந்தது. லிந்துலையில் பாண் ரொட்டிக்கு விடிய முன்னாலேயே வரிசை நிற்கிறது. ஸ்கூலில் பிரார்த்தனைக்கு நின்ற மகள் பெற்றீசியா, நின்ற நிலையிலேயே சரிந்து விழுந்தாள். பதினொரு வயதுப் பிள்ளையை மாஸ்டர் ஒரு கையால் தூக்கி வந்து லயத்து வாசலில் விட்டுப் போனார். ஒரு கையால். அன்று முடிவு செய்ததுதான். அண்ணன் மரியநாயகம் அட்டன் டவுனில் ராசிக் முதலாளியின் மளிகைக் கடையில் நிற்கிறான். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கூடவா சோறு இருக்காது? இந்தக் கஷ்ட காலம் தீரும்வரை அவளை அங்கே விட்டுவிடலாம்.

"உங்கண்ணன்கிட்ட நீயே கேளு. நான் வாய் தொறக்க மாட்டேன்" என்று அந்தோனிமுத்து முன்கூட்டியே சொல்லிவிட்டான். அவன் கௌரவம் அவனுக்கு.

மாதத்துக்கொரு முறை ஃபாதர் தோட்டத்துக் கோயிலுக்குப் பூசை வைக்க வருவார். அதைச் சாக்காக வைத்து அண்ணன் குடும்பத்தை அழைத்திருந்தாள். நேற்றுப் பொழுது சாய வந்து இறங்கினார்கள். அண்ணன், மதினி சவரியம்மா, ஒன்பது வயது றோலண்ட். கூடவே ஒரு பெரிய பை. 'ஒரு ராத்திரிக்கு இம்புட்டுப் பெரிய பையா? கடையிலிருந்து அரிசி கொண்டு வந்திருப்பாங்களோ' என்று தெரேசாவுக்கு ஒரு சபலம். பை மூலையிலேயே இருந்தது. யாரும் திறக்கவில்லை. "வழியிலயே சாப்பிட்டுட்டோம்" என்றாள் மதினி. ஆனால் மரவள்ளிக்கிழங்கை அவித்து வைத்ததும் தோலைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.

ஞாயிறு காலைக் கணக்கை அவள் நன்றாகவே போட்டு வைத்திருந்தாள். நன்மை அப்பம் வாங்குகிறவர்கள் பூசைக்கு முன் வாயில் எதுவும் வைக்கமாட்டார்கள். ஆக, காலைச் சாப்பாடு இல்லை. பூசை முடிந்து, ஃபாதரிடம் நின்று பேசி, மலையேறி வரச் சூரியன் உச்சிக்கு வந்துவிடும். அப்போது ஒரே சாப்பாடாகப் போட்டால் இரண்டு வேளையும் தீர்ந்தது. மூன்று வாரமாகக் கைப்பிடி கைப்பிடியாக ஒதுக்கிய அரிசி, நிறையத் தண்ணீர் விட்ட கோழிக்குழம்பு. பானையில் பாதி போட்டால் போதும். மீதி பாதி ராத்திரிக்கும் நாளைக்கும். பெற்றீசியாவின் உடுப்புகளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, கட்டிலுக்கடியில் தள்ளியாயிற்று. "மாமா பஸ்ஸுக்குக் கிளம்புறப்ப நீயும் போகணும். அதுவரைக்கும் மூச்சு விடாத" என்று பிள்ளையிடம் சொல்லியும் ஆயிற்று.

பூசையில் அவள் மனம் நிற்கவில்லை. பிரசங்கத்தில் ஐந்து அப்பம் இரண்டு மீன் கதை வந்தபோது, அடுப்பில் மூட்டிவிட்டு வந்த விறகு அணைந்திருக்குமோ என்றுதான் நினைத்தாள்.

எல்லோரும் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். தட்டு ஒன்று குறைந்தது. பக்கத்துக் காம்பராவில் கேட்கலாம் என்று தெரேசா எழுந்தபோது சவரியம்மா, "இரு இரு, இருக்கு" என்று அவசரமாகப் பையைத் திறந்து, துணிகளுக்கு அடியில் கைவிட்டு ஒரு தகரத் தட்டை எடுத்தாள். ஓரத்தில் நீலப் பெயின்ட். அடியில் ஆணியால் கீறிய 'றோ'. "இவன் இந்தத் தட்டுலதான் சாப்பிடுவான்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

தட்டை எடுக்கும்போது பைக்குள் கம்பளிச் சட்டை தெரிந்தது. சிலேட்டும் தெரிந்தது.

தெரேசாவின் கையில் அகப்பை அப்படியே நின்றுபோனது. ஒரு ராத்திரி விருந்துக்கு யாராவது பிள்ளையின் தட்டைக் கொண்டு வருவார்களா? தங்க வைக்கத்தான் கொண்டு வருவார்கள்.

முந்திக்கொள்ள வேண்டும். கேட்டுவிட்டால் மறுக்க முடியாத உறவு இது. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

"அண்ணே, நம்ம பெற்றீசியாவப் பத்தி..."

"பெற்றீசியாவுக்கு என்ன மச்சான்!" அந்தோனிமுத்து குறுக்கே விழுந்தான். "முட்டை இருக்கு, கோடியில கீரை இருக்கு. தோட்டத்துக்காரனுக்கு என்ன குறை? டவுன்லதான் பாவம், பாணுக்குத் தெருவுல நிக்கிறாங்க."

தெரேசா அவனைப் பார்த்த பார்வையில் அடுப்பே தேவையில்லை. அவன் கவனிக்கவில்லை. அந்த முட்டை போட்ட கோழிதான் அவன் தட்டில் கிடக்கிறது.

"டவுன்லயும் ஒண்ணும் மோசமில்ல மாப்ள" என்று மரியநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ராசிக் முதலாளி நான் இல்லாட்டி கடையத் தொறக்கவே மாட்டாரு. 'நீ ஒரு நா வரலேன்னா கை ஒடிஞ்ச மாதிரிடா'ன்னுவாரு."

இப்போது சவரியம்மா தன் புருஷனைப் பார்த்தாள். அதே பார்வை.

"அப்பா இப்ப வீட்டுலதானே இருக்காரு" என்றான் றோலண்ட், எலும்பைக் கடித்துக்கொண்டே. "கடையில பலகை போட்டு மூடிட்டாங்க அத்தை."

"லீவுடா. சாப்பிடு" என்றான் மரியநாயகம். அந்தோனிமுத்து குழம்பை விரலால் வழித்தான்.

கடை மூடியாயிற்று, அண்ணனுக்கு வேலை இல்லை என்று தெரேசாவுக்குப் புரிந்துவிட்டது. அங்கேயும் சோறு இல்லை. அப்படியானால் பெற்றீசியா? கட்டிலுக்கடியில் மூட்டையின் முனை தெரிகிறது. காலால் உள்ளே தள்ளினாள். இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. கேட்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சம்.

"தெரேசா..." மதினி ஆரம்பித்தாள். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

"மொதல்ல சாப்பிடுங்க மதினி." ஓர் அகப்பைச் சோறு அவள் தட்டில் விழுந்தது.

மதினி அதைச் சாப்பிட்டு முடித்தாள். "இங்க காத்து நல்லாருக்கு. றோலண்டு நேத்து ராத்திரி இருமவே இல்ல. புள்ளைக வளரணும்னா..."

"டவுன் ஸ்கூல் மாதிரி வருமா மதினி? அண்ணே, நீங்க என்ன கொறிக்கிறீங்க? போடுறேன்." அவனுக்கு ஓர் அகப்பை. மதினிக்கு இன்னொன்று. றோலண்டின் தகரத் தட்டில் ஈரல் துண்டு.

சவரியம்மா வாய் திறக்கும்போதெல்லாம் தெரேசாவின் கை முந்தியது. சோறு, குழம்பு, மறுபடி சோறு. மதினியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. குனிந்து, வேகவேகமாக, யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிற மாதிரிச் சாப்பிட்டாள். பசித்தவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே தெரேசா இன்னும் போட்டாள். ராத்திரிப் பங்கு போனது. நாளைப் பங்கும் போய்க்கொண்டிருந்தது. தான் விருந்து வைக்கிறோமா, அணை கட்டுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"தெரேசா, றோலண்ட இங்க..."

தெரேசா மறுபடி அகப்பையைப் பானைக்குள் விட்டாள். அது பானையின் அடியில் போய் இடித்துக் கரகரவென்று சுரண்டியது.

அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சவரியம்மா தலையைத் தூக்கினாள். பானையைப் பார்த்தாள். ஒரு பருக்கை கூட இல்லாத தெரேசாவின் தட்டு அடுப்போரம் கவிழ்ந்திருந்ததைப் பார்த்தாள். தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்தாள்.

"போதும்மா" என்றாள். "வயிறு நெறைஞ்சிருச்சு."

அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேருமாகப் பீலியில் தட்டுகளைக் கழுவினார்கள். புறப்படும்போது சவரியம்மா தெரேசாவின் கன்னத்தை ஒரு முறை தொட்டாள். மரியநாயகம் பையைத் தூக்கினான். மூவரும் பாதையில் இறங்கினார்கள்.

பாத்திரப் பலகையை ஒழுங்குபடுத்தப் போனபோதுதான் தெரேசா பார்த்தாள். பெற்றீசியாவின் தட்டுக்கு மேல், கவிழ்த்தபடி, ஓரத்தில் நீலம் அடித்த அந்தத் தகரத் தட்டு. கழுவித் துடைத்து வைத்திருந்தது. மறந்துவிட்டாளா? அவ்வளவு நேர்த்தியாக வைத்துவிட்டு மறப்பார்களா?

அதைப் பிடுங்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடினாள். தேயிலைச் செடிகள் முழங்காலைக் கீறின. கீழே வளைவில் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. அவள் ரோட்டில் குதித்தபோது பஸ் நின்றுவிட்டிருந்தது. மரியநாயகம் பையோடு உள்ளே போய்விட்டான். சவரியம்மாவின் ஒரு கால் மிதிபலகையில். றோலண்ட் இன்னும் ரோட்டில்.

"மதினி, தட்டு!"

சவரியம்மா திரும்பினாள். தட்டைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

பின்னாலிருந்து கல் உருளும் சத்தம். பெற்றீசியா குறுக்குப் பாதையில் மூச்சு வாங்க இறங்கி வந்துகொண்டிருந்தாள். புதுச் சட்டை, தலையில் சிவப்பு ரிப்பன், மார்போடு அணைத்த துணி மூட்டை. அம்மா சொன்னபடி, மாமா கிளம்பும் நேரத்துக்கு அவளும் கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்று அவளிடம் சொல்ல அம்மாவும் அப்பாவும் மறந்திருந்தார்கள்.

சவரியம்மாவின் கண் மூட்டைக்குப் போனது. அங்கிருந்து தெரேசாவின் முகத்துக்கு வந்தது.

"நகின்ன, நகின்ன!" என்று, ஏறச் சொல்லிக் கண்டக்டர் சிங்களத்தில் கத்தினான்.

ரோட்டோரத்தில் பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவன் தட்டைப் பார்த்தான். அவள் பஸ்ஸைப் பார்த்தாள். மேலே மலையிலிருந்து இறங்கிவந்த தூறலின் முதல் துளிகள், தெரேசாவின் நீட்டிய கைகளில் இருந்த தகரத் தட்டில் ஒவ்வொன்றாக விழுந்து சத்தம் எழுப்பத் தொடங்கின.